நான் சொன்ன ஆமா

அன்பு மகன் சாமுவேலுக்கு,

இதை நீ படிக்கும்போது மியாங்மியா போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறந்து, லுங்கிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்திருப்பாய். கடைசி லுங்கிக்கு அடியில்தான் இதை மடித்து வைத்திருக்கிறேன். கையில் கொடுத்திருந்தால் படகுத்துறையிலேயே பிரித்துப் பார்த்து, "இத்தனை பக்கமாம்மா?" என்று சிரித்திருப்பாய். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இந்த ஒரு தடவை அது நல்லதற்குத்தான். பர்மிய எழுத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்து மடித்து வைத்துவிடுவாய், எனக்கும் அப்படி எழுத வராது. இதை நீ மெதுவாகத்தான் படித்தாக வேண்டும். நானும் மெதுவாகவே சொல்கிறேன்.

நில அலுவலகத்தில் எழுத்தர் வேலை என்று உனக்கு உத்தரவு வந்த அன்று அப்பா சட்டை போடக்கூட மறந்து தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். எனக்கும் தலைகால் புரியவில்லை, ஆனால் நான் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பது போல் பாவனை செய்தேன். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயரை வைத்து அங்கே உன்னைக் கோ சோ லின் என்பார்கள். ஒரு மேசை தருவார்கள். மேசைக்கு முன்னால் சேற்றுக்காலோடு ஜனங்கள் வந்து நிற்பார்கள். ராசா, உன் அம்மா ஆயுசு முழுக்க மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள். அந்தப் பக்கம் உட்காரப் போகிற முதல் ஆள் நீ. அதனால்தான் நம் தோட்டம் நமக்கு வந்த கதையை முழுசாகச் சொல்ல உட்கார்ந்தேன். உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை நான் வெட்கத்தால் மறைத்துவிட்டேன்.

நம் தின்கன்ஜூனில் பெரிய சாலையிலிருந்து ரயில் பாதை வரைக்கும் அப்போது நிலமெல்லாம் ஒரே மனிதருடையது. பெரியவர் என்போம். நகரத்துக்குள்ளே, பசுந்தாங்கில் அவருக்கு மாடி வீடு. நான் அவரை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் கார்க் கண்ணாடிக்கு உள்ளே. அந்த நிலத்தில் நாங்கள் பதினான்கு குடும்பங்கள் கீரையும் வாழையும் போட்டுப் பிழைத்தோம். நாங்கள் வந்தபோது அதற்கு நிலம் என்றே பெயர் கிடையாது, முழங்கால் வரை சேறு. அப்பா அலோன் கிடங்குகளில் மூட்டை தூக்கப் போய்விடுவார். வயிற்றில் உன்னை வைத்துக்கொண்டு நான்தான் கூடை கூடையாக மண் கொட்டி வரப்பு எழுப்பினேன், ரயில் மேட்டுக்கு அடியில் வடிகால் வெட்டினேன். வெள்ளைக்காரன் போன பிறகும், கொடி மாறிய பிறகும், விளைந்ததில் பாதி பசுந்தாங்குக்குத்தான் போனது. மழை அடித்துக்கொண்டு போன வருஷத்திலும் அவர் பாதி முதலில் போனது, நம் பாதிதான் வெள்ளத்தில் போனதாகக் கணக்காயிற்று.

உனக்கு ஐந்து வயதிருக்கும். குலை தள்ளியிருந்த வாழையைக் காட்டி, "அது யாருதும்மா?" என்று கேட்டாய். பெரியவருது என்றேன். பக்கத்து மரத்தைக் காட்டினாய். அதுவும் அவருது என்றேன். "அப்போ நம்முது எது?" என்றாய். நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். நீ செய்த தப்பு ஒன்றுமில்லை, என்னிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். நீ அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நீ மறந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

பெரியவருக்கு ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். நம்மவர்தான், தமிழர், அவருக்கும் பசுந்தாங்கில்தான் வீடு. வாரம் ஒரு தடவை குடையைப் பிடித்துக்கொண்டு வருவார். வரப்பு மேலேயே நிற்பார், இறங்க மாட்டார், செருப்பில் சேறு படக்கூடாது. "போன தடவையைவிடக் குலை குறைச்சலா இருக்கே, நீங்க தின்னுட்டீங்களா?" என்பார். ஆமாங்கய்யா என்போம். "சோம்பேறிக் கூட்டம்" என்பார். ஆமாங்கய்யா. "அடுத்த தடவை ஆளை மாத்திடுவேன், தெரியுமில்ல?" அதற்கும் ஆமாங்கய்யா. பதினெட்டு வருஷம் அந்த மனிதர் முன்னால் நான் சொன்ன சொல் அது ஒன்றுதான். வாய் அதற்கே பழகிப்போனது. நாளைக்கு அது எனக்கே வினையாகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் காலம் மாறியது. கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் மதராசுக்குப் போனார்கள். பெரியவரும் ஒரு நாள் மாடி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அதே சமயத்தில், இனி விளைச்சலில் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை, யார் கை வைத்துப் பயிர் செய்கிறார்களோ அவர்களுக்கே சாகுபடி உரிமை என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு ஒரு குழு உட்கார்ந்தது. தலைவரை உக்கட்டா என்பார்கள், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், கொஞ்சம் சிடுசிடுப்பு. நான் மனு கொடுத்தேன். நம் துண்டு நிலத்துக்கு இன்னொரு மனுவும் வந்தது. கணக்கப்பிள்ளை கொடுத்தது. தானே தின்கன்ஜூனில் குடியிருந்து பயிர் செய்ததாகவும், நாங்கள் பதினான்கு குடும்பங்களும் அவர் வைத்த கூலியாட்கள் என்றும் எழுதியிருந்தார்.

அப்பா பயந்துவிட்டார். கப்பலுக்கு மனு எழுதும் படிவத்தை எங்கிருந்தோ வாங்கி வந்து சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். "நிலம் இல்லேன்னா இங்க நமக்கு என்ன இருக்கு? மதராசுக்குப் போயிடலாம்" என்றார். நான் பிறந்தது அலோனில். ஞானஸ்நானம் கொடுத்த சீட்டு என் பெட்டியில் இருக்கிறது. மதராசு எந்தத் திசை என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. நீ பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உனக்கோ தமிழே தடுமாற்றம். அங்கே போய் எந்தத் தெருவில் நிற்பது? நிலம் கிடைத்தால் இங்கே, கிடைக்காவிட்டால் கப்பல். நம் குடும்பம் அந்த மேசைக்கு முன்னால்தான் நின்றது.

விசாரணை அன்று நீ வருகிறேன் என்றாய். "நான் பர்மியில பேசறேம்மா, நீ சும்மா நில்லு" என்றாய். நான் சீறினேன், நினைவிருக்கிறதா? "என் நிலத்துக்கு எனக்குப் பேசத் தெரியும், நீ பரீட்சையைப் பாரு" என்றேன். வெறும் ரோஷம். இந்த ஊரிலேயே பிறந்து, மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை தமிழ் படித்துவிட்டு, சந்தையில் கீரை விற்கிற அளவுக்கு மட்டும் பர்மி பேசுகிறவள் நான். அது பிள்ளைக்கு முன்னால் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். நடக்கிற வழியெல்லாம் ஒரே சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஹொக்கே, ஹொக்கே. பர்மியில் ஆமாம் என்பதற்கு அதுதானே. அவர் என்ன கேட்டாலும் நிமிர்ந்து நின்று ஹொக்கே என்று சொல்லிவிட வேண்டும், அதுதான் என் திட்டம்.

மேசைக்கு முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் அதே குடையோடு கணக்கப்பிள்ளை. உக்கட்டா காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார், "இந்த நிலத்தில் கூலியாக இல்லாமல், நீயாகத்தான் பயிர் செய்கிறாயா?" கேள்வி நன்றாகவே புரிந்தது. ஆனால் மேசை, காகிதம், பக்கத்தில் அந்தக் குடை, எல்லாம் சேர்ந்து என்னைப் பழைய வரப்புக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டன. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த சொல் போன இடம் தெரியவில்லை. "ஆமா! ஆமா!" என்றேன். உக்கட்டா தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அவர் மெல்லத் தலையை ஆட்டினார். உக்கட்டா ஏதோ எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வேலை இத்தனை சுளுவாக முடிந்ததே என்று நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து வடை சுட்டேன். நீகூட நாலு வடை தின்றாய்.

மூன்றாம் நாள் காலையில் வாழைத்தண்டு கொடுக்க டோ கின்னிடம் போனேன். சந்தை முனையில் மொஹிங்கா விற்பாளே, அவள்தான். அந்த மீன் குழம்புக்கு வருஷக்கணக்காக என் தோட்டத்துத் தண்டுதான் போகிறது, வருஷக்கணக்காக அவளுக்கும் எனக்கும் சண்டைதான். தண்டு முற்றல் என்பாள், நான் அவள் குழம்பு தண்ணீர் என்பேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, கலாமா என்பாள், இந்தியக்காரி என்று அர்த்தம். அன்றைக்குத் தண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் பர்மியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஏ கலாமா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மனுவும் போட்டுட்டு, போய் நின்னு தப்பு தப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கியே!"

"நான் எப்போ சொன்னேன்?"

"எங்க வீட்டுக்காரர் அங்கதான் உட்கார்ந்திருந்தாரு. அவர் காதால கேட்டிருக்காரு. நீதான் பயிர் செய்யறியான்னு கேட்டதுக்கு அஹ்மா, அஹ்மான்னு ரெண்டு தடவை சொன்னியாம். பேர்ப்பட்டியல் ஒட்டிட்டாங்க, போய்ப் பாரு. உன் பேருக்கு நேரே கூலின்னு போட்டிருக்கு."

அஹ்மா. பர்மியில் தப்பு என்று அர்த்தம். உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வாயிலிருந்து ஆமா என்று போனது, அவர்கள் காதில் அஹ்மா என்று விழுந்திருக்கிறது. மனுவில் எழுதியது தப்பு என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது. அங்கே இரண்டு பாஷையும் தெரிந்தவர் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் தலையை ஆட்டினார்.

சாமு, முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டோ கின்னின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன். அவள் எனக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். அர்த்தத்தைச் சொன்னதும் அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் கோபம் வந்தது. அந்த உக்கட்டா மேல் வரவில்லை. அவர் கேட்டதைத்தானே எழுதினார்? பதினெட்டு வருஷமாக வரப்பில் நின்று நான் சொன்ன ஒவ்வொரு ஆமாவும் தப்புத்தான் என்று இந்த ஊர்ப் பாஷைக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவின் சட்டைப் பையிலிருந்த கப்பல் படிவத்தை எடுத்து, கீரை விதையைப் பொட்டலம் கட்டிவிட்டேன்.

மறுப்பு இருந்தால் கடைசி நாளுக்குள் வந்து சொல்லலாம் என்று பட்டியலுக்கு அடியில் போட்டிருந்தது. அந்தக் கடைசி நாளைத்தான் உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட அறை நிறைய ஜனம். பின்பக்கம் நம் தோட்டக்காரர்கள், முன்பக்கம் பர்மியக் குடியானவர்கள். டோ கின் கடையை மூடிவிட்டு வந்து, முதல் பெஞ்சில் இரண்டு ஆள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கணக்கப்பிள்ளை மேசைக்கு வலப்பக்கம் நாற்காலியில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சேற்றுக்காலைக் கழுவாமலே போனேன், வேண்டுமென்றேதான்.

"நீயே தப்பு என்று சொன்னாயே, இப்போது என்ன?" என்றார் உக்கட்டா. என் சந்தைப் பர்மியில் உடைத்து உடைத்துச் சொன்னேன். நான் தப்பு என்று சொல்லவில்லை, எங்கள் பாஷையில் அது ஹொக்கே என்று அர்த்தம். அறையில் சிரிப்பு எழுந்தது. உக்கட்டா சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பி, "நீங்களும் அந்தப் பாஷைக்காரர்தானே, இவர் சொல்வது சரியா?" என்று கேட்டார். கணக்கப்பிள்ளை எழுந்து, மிக மரியாதையாக, நல்ல பர்மியில் சொன்னார். இந்தக் கூலி ஜனங்கள் என்னென்னவோ கொச்சையாகப் பேசுவார்கள், இப்படி ஒரு சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்து, மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நம் ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவர்களும் கூலி ஜனங்கள் என்பார். அப்போது கணக்கப்பிள்ளையின் கண்ணாடித் துணியைப் பார்த்தேன், நம் சேற்றுத் தண்ணீரில் ஒரு தடவைகூட அலசாத மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. இந்த மனிதர் இன்றைக்கும் பசுந்தாங்கிலிருந்துதான் வண்டி பிடித்து வந்திருக்கிறார். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கர்த்தர்தான் நாவில் வைத்தார் என்று நினைத்துக்கொள்கிறேன். பழைய காலத்து மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, தமிழில் கேட்டேன்.

"ஐயா, நீங்க இன்னமும் பசுந்தாங் வீட்டுலதானுங்களே இருக்கீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. கூலிக்காரி கேட்கிறாள், எஜமான் பதில் சொல்கிறார்.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

பின்பக்கம் நம் ஜனங்கள் ஓவென்று சிரித்தார்கள். முன்பக்கத்தவர்களுக்கும் அந்தச் சொல் காதில் விழுந்துவிட்டது. "அஹ்மாங்கறார், அவரும் அஹ்மாங்கறார்!" என்று டோ கின் பெஞ்சைத் தட்டினாள். உக்கட்டா பேனாவைக் கீழே வைத்தார். இந்த அம்மா என்ன கேட்டாள் என்று விசாரித்தார். பசுந்தாங்கில்தானே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டேன் என்றேன். அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டதை என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்.

"அஹ்மா என்று சொன்னீர்களே. எது தப்பு? பசுந்தாங்கில் இருப்பதா, இல்லை தின்கன்ஜூனில் இருக்கிறேன் என்று மனுவில் எழுதியதா?"

கணக்கப்பிள்ளை வசமாக மாட்டிக்கொண்டார். அந்தச் சொல்லுக்குத் தப்பு என்றுதான் அர்த்தம் என்றால், பசுந்தாங்கில் இல்லை என்று சொல்லியாக வேண்டும். அவருடைய அரிசிக் கார்டோ பசுந்தாங் விலாசத்தில் இருக்கிறது. ஆமாம் என்று அர்த்தம் என்றால், நான் சொன்னதும் ஆமாம்தான், அவர் மனுவும் பொய். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொள்ளும்போது யாரையும் பார்க்கவில்லை.

உக்கட்டா என்னை மேசைக்குக் கிட்டே வரச் சொன்னார். முதல் தடவையாக என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "மறுபடி கேட்கிறேன். உங்கள் பாஷையிலேயே சொல்லுங்கள். இந்த நிலத்தில் பயிர் செய்வது நீங்கள்தானா?" கையைக் கட்டாமல் நின்றேன். "ஆமா" என்றேன். அவர் எழுதினார். என் பெயருக்கு முன்னால், டோ கின்னுக்குப் போடுகிற மாதிரியே, மரியாதையாக டோ என்று போட்டு எழுதினார். ஏய், இந்தா, கலாமா என்றே நாற்பது வருஷம் கேட்ட காது அது. அந்தக் காகிதத்தில்தான் நான் முதல் முதலாக மரியாதைக்குரிய மனுஷி ஆனேன்.

அன்று சாயங்காலம் நடந்தது உனக்குத் தெரியும், ஏன் நடந்தது என்பது தெரியாது. நல்ல குலையாகப் பார்த்து வெட்டி, உன் புத்தகத்துக்கு மேலேயே கொண்டுவந்து வைத்தேன். "பரீட்சை நேரத்துல என்னம்மா இது, பால் சொட்டுது" என்று கத்தினாய். "இது நம்முது" என்றேன். உனக்கு விளங்கவில்லை. ஐந்து வயதில் நீ கேட்ட கேள்விக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த பதில் அது. முதுகில் வைத்த அடிக்கு என்னிடம் வேறு பரிகாரம் கிடையாது.

நிலம் சட்டப்படி அரசாங்கத்துடையதுதான், நமக்குப் பயிர் செய்கிற உரிமை மட்டும்தான் என்று நீ அலுவலகத்தில் படித்துவிட்டு எனக்கே விளக்கம் சொல்வாய். எனக்கும் தெரியும். ஆனால் பாதிக் குலை பசுந்தாங்குக்குப் போகவில்லை, அது எனக்குப் போதும். அந்தக் குலைகளில்தான் உனக்குக் கல்லூரிப் புத்தகம் வந்தது, வீட்டுக்குத் தகரக்கூரை வந்தது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதையாகிவிடும். பதினான்கு குடும்பத்தில் ஒன்பதுக்குத்தான் உரிமை கிடைத்தது. இந்த நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் உரிமை என்பது சட்டம், மற்ற ஐந்துக்கு இங்கே பிறந்த சீட்டு இல்லை. நம் பக்கத்துத் தோட்டத்து முனியம்மா மூன்று வயதில் கப்பலில் வந்தவள், அவளிடம் இருந்தது வெளிநாட்டுக்காரர் கார்டு. என்னோடு சேர்ந்து மண் சுமந்தவள். அவள் முறை வந்தபோது நான் சந்தோஷத்தில் வாசலில் நின்று டோ கின்னோடு சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சட்டம் மாறியிருக்காதுதான். ஆனால் அவள் தனியாக நின்றிருக்க மாட்டாள். அவள் கப்பல் ஏறின அன்று எனக்குக் கொடுத்துவிட்டுப் போன மண்வெட்டிதான் கொல்லையில் சாத்தியிருக்கிறது. அதை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

ஆகையால், கோ சோ லின், உன் மேசைக்கு முன்னால் ஜனங்கள் வரும்போது இதை நினைத்துக்கொள். அங்கே கரேன் பாஷைக்காரர்கள் வருவார்கள், நம்மவர்கள் வருவார்கள், பர்மியக் குடியானவர்களிலேயே பயத்தில் நாக்குக் குழறுகிறவர்கள் வருவார்கள். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்காதே. பக்கத்தில் நல்ல சட்டை போட்டவன் தலையை ஆட்டினால், அவன் ஏன் ஆட்டுகிறான் என்று பார். சொன்னது விளங்காவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் கேள். வரிசை நீளமாக இருக்கிறது என்பாய். இருக்கட்டும். இரண்டாவது தடவை ஒரு மனிதர் கேட்டதனால்தான் நீ இன்றைக்கு மதராசில் தெருவில் நிற்காமல் மியாங்மியாவில் உட்கார்ந்து லுங்கி மடிக்கிறாய்.

அப்பா இங்கே கடலை உரித்துக்கொண்டு, "இன்னுமா எழுதறே?" என்கிறார். கருவாட்டுப் பொட்டலம் சட்டைகளோடு சேராமல் தனியாக இருக்கிறது, எடுத்து வெளியே வை. டோ கின் உனக்காகக் கொடுத்த மிளகாய்ப் பொடியும் அதில் இருக்கிறது. "டோ வீட்டுப் பிள்ளை அதிகாரியாகப் போகிறான், சும்மா அனுப்பலாமா" என்றாள். இப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள், சண்டை போடும்போது மட்டும் பழையபடி கலாமா.

பதில் எழுது. நீளமாக வேண்டாம், உன் தமிழ்க் கையெழுத்து லட்சணம் எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எதிரே நிற்கிறவரிடம் இன்னொரு தரம் கேட்பாயா? ஒரே சொல் எழுதினால் போதும். அதைத் தமிழில் எழுது.

உன் அம்மா